வெள்ளை மாளிகையின் இரண்டு கோப்புகள்: படபடப்பு, தைராய்டு, அட்ரீனல்

1991 மே 4, சனிக்கிழமை பிற்பகல். மேரிலாந்து மலைக்காட்டுக்குள் இருக்கும் கேம்ப் டேவிட் ஓய்விடத்தில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் மெதுவோட்டம் போய்க்கொண்டிருந்தார். வயது 66. வளைகுடாப் போர் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது, உடம்பு அசந்துபோனது. அங்கேயே இருந்த மருத்துவ அறையில் பரிசோதித்தபோது நாடி வேகமாகவும் தாளம் தப்பியும் அடித்தது. உடனே ஹெலிகாப்டரில் ஏற்றி பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

ஈசிஜியில் தெரிந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலை இது. கீழறைகளுக்கு மின்சைகை எப்போது வரும் என்று ஒரு கணக்கே இருக்காது. மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு அடி சேர்ந்து வரும், அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி மூன்று வேகமான அடிகள். ரத்தம் மேலறையில் தேங்கி உறைந்து மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரும் என்பதால் இதை யாரும் சாதாரணமாக விடமாட்டார்கள்.

அறுபது தாண்டிய மனிதர், ஓடும்போது மூச்சுத் திணறல், தாளம் கெட்ட இதயம். யாராக இருந்தாலும் முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான் விழும். டிகாக்சின் கொடுத்தார்கள், பிறகு புரோகெய்னமைடு. அதற்கும் அடங்காவிட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்வது என்று திட்டம். அதற்கு மயக்க மருந்து வேண்டும். அதிபர் மயக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தப்படி அதிகாரத்தைத் துணை அதிபர் டான் குவேலிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகூட யோசிக்கப்பட்டது. தேவைப்படவில்லை. மருந்திலேயே தாளம் திரும்பியது, திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

இந்தக் கோப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து நடந்த விஷயம். தாளம் சரியாகிவிட்டது என்று அவர்கள் கோப்பை மூடவில்லை. ஏன் தப்பியது என்று தேடினார்கள். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்தது: சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வாரமே கிரேவ்ஸ் நோய் என்று உறுதியானது. கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி, உடலின் எதிர்ப்பு சக்தியே தவறாகத் தூண்டிவிட்டதால், நிறுத்தத் தெரியாமல் சுரந்துகொண்டிருந்தது. மார்புக்குள் கேட்ட சத்தத்தின் தொடக்கம் கழுத்தில் இருந்தது.

தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு இந்தத் தாளக்கேடு வருகிறது, வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதினருக்குப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, பசி எடுத்தும் எடை குறைவது என்று நோய் வெளியே வந்து நிற்கும். முதியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லாமல் இதயம் ஒன்று மட்டும் முறையிடும். அதனால்தான் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த எவருக்கும் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும்) பார்க்காமல் விடக்கூடாது என்பது இன்று வழக்கமாகிவிட்டது.

இங்கே, அட்ரீனலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியோடு ஒரு தொடர்பு இருக்கிறது. பலர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பவரைப் பார்த்தால் யாரோ துரத்துவதுபோல இருக்கும்: ஓடும் நாடி, நடுங்கும் விரல், வியர்த்த உள்ளங்கை. அட்ரீனலின் பெருகிவிட்டது என்றுதான் தோன்றும். அளந்து பார்த்தால் ரத்தத்தில் அட்ரீனலின் கூடியிருப்பதில்லை, சிலருக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். தைராய்டு ஹார்மோன் இதயத் தசையில் அட்ரீனலினை ஏற்கும் வாயில்களைப் பெருக்கிவிடுகிறது. வழக்கமான அளவு அட்ரீனலினுக்கே இதயம் பதறிப்போகிறது. அது போக, இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவையும் அது நேரடியாக முடுக்குகிறது. புரோப்ரனலால் மாத்திரை அந்த வாயில்களை அடைப்பதால்தான் ஓரிரு நாளில் படபடப்பு தணிகிறது. நோய் அப்படியேதான் இருக்கும், ஆனால் நோயாளி தூங்குவார்.

தூக்கத்தைச் சொன்னதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பயத்தாலோ மன அழுத்தத்தாலோ வரும் படபடப்பு ஆழ்ந்த தூக்கத்தில் அடங்கிவிடும். தைராய்டு படபடப்பு தூக்கத்திலும் விடாது. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், காபிக்கு முன், ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி நான்கைந்து நாள் எழுதிவைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. "டென்ஷன்தான், ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்காகவே இதைச் சொல்கிறேன். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இந்த நோயைப் பதிவுசெய்தபோது அவர் முன்னால் இருந்தவர்கள் மூன்று பெண்கள். மூவருக்கும் கடுமையான, நீண்ட நாள் படபடப்பு, கூடவே கழுத்தில் வீக்கம். அந்த நாளிலேயே அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

புஷ் வீட்டில் இது முதல் தைராய்டு இல்லை. மனைவி பார்பராவுக்கு 1989இலேயே கிரேவ்ஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, கண்களையும் பாதித்திருந்தது. வளர்ப்பு நாய் மில்லிக்கு லூபஸ், அதுவும் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் நோய்தான். ஒரே கூரைக்குக் கீழ் மூன்று பேருக்கா என்று சந்தேகப்பட்டு, அவர்கள் வாழ்ந்த வீடுகளின் குடிநீரை அயோடினுக்கும் லித்தியத்துக்கும் சோதித்தார்கள். குறிப்பிடும்படி எதுவும் கிடைக்கவில்லை. கணவனும் மனைவியும் ரத்த உறவு இல்லை என்பதால் பரம்பரை என்றும் சொல்ல முடியாது. தற்செயல் என்றே விட்டுவிட்டார்கள்.

சிகிச்சைக்குப் புஷ் கதிரியக்க அயோடின் குடித்தார். அயோடினைத் தேடி இழுத்துக்கொள்ளும் உறுப்பு தைராய்டு. அந்தப் பசியையே பயன்படுத்தி உள்ளே கதிர்வீச்சை அனுப்பி, சுரக்கும் செல்களை அழிக்கிறார்கள். அயோடின் 131இன் அரைவாழ்வு 8 நாள். பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பு குறைந்துபோய், வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை வேண்டியிருக்கும். புஷ்ஷுக்கும் அப்படித்தான் ஆனது. அதன் பிறகும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இப்போது இரண்டாவது கோப்பு. இதில்தான் அட்ரீனல் வருகிறது, இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

1947 செப்டம்பர். ஜான் எஃப். கென்னடிக்கு வயது 30, முதல் முறையாகக் காங்கிரஸ் உறுப்பினர். அயர்லாந்து போய்விட்டு லண்டன் வந்தவர் அங்கே சரிந்து விழுந்தார். பலவீனம், வாந்தி, குறைந்த ரத்த அழுத்தம். அவரைப் பார்த்த டேனியல் டேவிஸ் என்ற மருத்துவர் ஆடிசன் நோய் என்று கண்டுபிடித்தார். இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்கமாட்டார் என்று கென்னடியின் தோழி ஒருவரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. குயின் மேரி கப்பலில் ஊர் திரும்பும்போது சாகும் நிலையில் இருப்பவர்களுக்குச் செய்யும் கத்தோலிக்கச் சடங்கைப் பாதிரியாரை வைத்துச் செய்யும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது.

ஆடிசன் நோய் என்பது சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் வெளிப்பட்டை அழிந்துபோவது. அட்ரீனலின் சுரப்பது உள்பகுதி. வெளிப்பட்டைதான் கார்ட்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கிறது, அவை இல்லாமல் உயிர் வாழவே முடியாது. கார்ட்டிசால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. ஆல்டோஸ்டிரோன் உப்பை உடலில் நிறுத்திவைக்கிறது. அது போனால் சோடியம் சிறுநீரில் வெளியேறும், பொட்டாசியம் ஏறும். நோயாளி உப்புக்கு ஏங்குவார்: ஊறுகாயைத் தனியாகச் சாப்பிடுவது, மோருக்கு இரண்டு மடங்கு உப்பு போடுவது. எழுந்து நின்றால் கண் இருட்டும். எடை குறையும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஆடிசன் 1855இல் 11 நோயாளிகளை வைத்து இதை எழுதியபோது அடையாளங்களில் ஒன்றாக இதயத் துடிப்பின் பலவீனத்தையும் குறித்திருந்தார்.

நாடி விஷயத்துக்கு இங்கேதான் திரும்பி வர வேண்டும். கார்ட்டிசால் அடியோடு தீர்ந்துபோகும் அட்ரீனல் நெருக்கடியிலும் நாடி வேகமாக ஓடும். ஆனால் புஷ்ஷின் நாடி ஓடியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தைராய்டு கூடியவரின் கை சூடாக, ஈரமாக இருக்கும். நாடி துள்ளி அடிக்கும், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி விரிந்திருக்கும். அட்ரீனல் தீர்ந்துபோனவரின் கை சில்லென்று இருக்கும். நாடி நூல்போல மெலிந்திருக்கும், ரத்த அழுத்தம் 80க்குக் கீழே போயிருக்கும். குழாய்களில் போதுமான திரவமும் இறுக்கமும் இல்லாததால் இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. வெறும் சலைன் மட்டும் ஏற்றினால் இது முழுதாகத் தேறாது. கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் இன்னும் 200 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். ரத்த மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

கென்னடிக்கு முதலில் கிடைத்தது டெசாக்சிகார்ட்டிகோஸ்டிரோன் வில்லைகள். தொடைத் தோலுக்கு அடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதைப்பார்கள். அது உப்பை மட்டும் காக்கும். கார்ட்டிசாலுக்கு ஈடாகும் கார்ட்டிசோன் மருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. 1948இல் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதலில் கொடுத்தார்கள், 1950இல் அதற்கு நோபல் பரிசு. இரண்டு மூன்று ஆண்டு முன்னதாக நோய் வந்திருந்தால் அவர் அதிபராகியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1954 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில் முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை. பாஸ்டனில் அவரைப் பார்த்துவந்த மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆரோக்கியமான உடல் அறுவையின்போது கார்ட்டிசாலைப் பல மடங்கு சுரக்கும். கென்னடியால் ஒரு துளிகூடக் கூட்ட முடியாது, ஒவ்வொரு மில்லிகிராமும் வெளியிலிருந்து போக வேண்டும். அறுவைக்குப் பிறகு சிறுநீரில் தொற்று வந்து மயக்க நிலைக்குப் போனார். மறுபடியும் பாதிரியார். மறுபடியும் பிழைத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஒரு அறுவை சிகிச்சை ஆய்விதழில், ஏழு ஆண்டுகளாக ஆடிசன் நோய் இருந்த 37 வயது ஆணுக்கு வெற்றிகரமாகப் பெரிய அறுவை செய்ததாக ஒரு கட்டுரை வந்தது. பெயர் இல்லை. வயது, தேதி, மருத்துவமனை எல்லாவற்றையும் வைத்து அது யார் என்று இன்னொரு மருத்துவர் 1967இல் எழுதினார்.

1955இல் கென்னடிக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பதும் கண்டுபிடிக்கப்பட்டது. லயோதைரோனின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினார்கள், அதிபராக இருந்தபோதும் அது தொடர்ந்தது. இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். அட்ரீனலுக்கு முதலில் மருந்து, தைராய்டுக்குப் பிறகு. தலைகீழாக நடந்திருந்தால் ஆபத்து. தைராய்டு ஹார்மோன் உடலின் வேலையைக் கூட்டி, கல்லீரல் கார்ட்டிசாலை அழிக்கும் வேகத்தையும் கூட்டிவிடும். இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலை வைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தவர் தைராக்சின் தொடங்கிய சில நாள், சில வாரங்களில் வாந்தி, தலைசுற்றல், ஓடும் நாடியோடு நெருக்கடிக்குள் விழுவார்.

இன்னொரு பொறியும் உண்டு. கார்ட்டிசால் குறைந்தாலே டி.எஸ்.எச். லேசாக ஏறும். அறிக்கையில் டி.எஸ்.எச். 8 அல்லது 9 என்று பார்த்ததும் தைராக்சின் எழுதிவிடத் தோன்றும். கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு கொடுத்துச் சில மாதம் கழித்துப் பார்த்தால் சிலருக்கு அது தானாகவே இயல்புக்கு வந்திருக்கும். தைராய்டு குறைந்தவருக்கு நாடி மெதுவாக இருக்க வேண்டும், எடை கூட வேண்டும். டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது, ஆனால் நாடி வேகமாக, எடை குறைந்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து இருக்கிறது என்றால் கணக்கு ஒட்டவில்லை. அங்கே நிறுத்தி, காலை 8 மணிக் கார்ட்டிசாலைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரைச் சீட்டு ஒரு நாள் காத்திருக்கலாம்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கோப்பை முடிக்க முடியாது. கார்ட்டிசால் குறையும்போது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பும். அதோடு தோலைக் கறுக்கவைக்கும் தூண்டுதலும் சேர்ந்தே வரும். கென்னடியின் வெண்கல நிறத்தைப் பார்த்து அமெரிக்கர்கள் கடற்கரை வெயில், படகோட்டம், ஆரோக்கியம் என்று நினைத்தார்கள். நம்மிடம் இதே தவறு வேறு விதமாக நடக்கிறது. "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாள்", "கல்யாணத்துக்கு முன்னால் இன்னும் நிறமாக இருந்தாள்" என்று வீட்டில் சொல்வார்கள், முகத்துக்கு ஒரு கிரீம் வாங்கித் தருவார்கள். கறுப்பான தோலில் மேலும் கறுப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. உள்ளங்கை ரேகைகள், விரல் கணுக்கள், ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, புதிதாக ஆறிய தழும்பு. வெயில் படாத வாய்க்குள் கறுப்புத் திட்டு புதிதாக வந்திருந்தால் வெயிலைக் குறை சொல்ல முடியாது. பழைய புகைப்படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை.

ஆடிசன் பார்த்த நோயாளிகளில் பலருக்குக் காசநோய்தான் அட்ரீனலைத் தின்றிருந்தது. 1960 ஜூலையில், வேட்பாளர் தேர்வு மாநாட்டுக்குச் சற்று முன், போட்டியாளரான லிண்டன் ஜான்சன் தரப்பினர் கென்னடிக்கு ஆடிசன் நோய் என்று வெளிப்படையாகச் சொன்னபோது கென்னடி தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. காசநோயால் அழிந்தால்தான் மரபுப்படி ஆடிசன் நோய், இவருக்குக் காசநோய் இல்லை, ஆகவே ஆடிசன் நோயும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் ஒரு வகையில் நிற்கும் வாதம். ஆனால் மக்களுக்குச் சொல்லப்பட்டது உண்மை இல்லை என்றே நான் நினைக்கிறேன். காசநோய் இன்னும் விட்டுப் போகாத இந்தியாவில் அட்ரீனல் செயலிழந்தவருக்கு வயிற்றை ஸ்கேன் செய்து, சுரப்பி வீங்கியிருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

கென்னடிக்குக் காரணம் என்னவாக இருந்திருக்கும்? பின்னாளில் திறக்கப்பட்ட அவருடைய மருத்துவ ஆவணங்களை ஆராய்ந்த கடற்படை மருத்துவர் லீ மாண்டெல் 2009இல் ஒரு விடை முன்வைத்தார்: எதிர்ப்பு சக்தி ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகளைச் சேர்த்துத் தாக்கும் நோய்த் தொகுப்பு, இரண்டாம் வகை. அட்ரீனலும் தைராய்டும் ஒரே உடலில் சேர்ந்து அழிவதை 1926இலேயே ஷ்மிட் என்ற மருத்துவர் விவரித்திருந்தார். கென்னடியின் தங்கை யூனிஸுக்கு ஆடிசன் நோய் இருந்தது. மகன் ஜானுக்குக் கிரேவ்ஸ் நோய். புஷ் தம்பதியின் விஷயத்தில் குடிநீரைச் சோதித்துப் பார்த்தும் கிடைக்காத இழை இங்கே ரத்த உறவில் ஓடுகிறது. இந்தத் தொகுப்பில் தைராய்டு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். முதல் வகைச் சர்க்கரை நோயும் சேரலாம். ஒரு சுரப்பி இப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு வேறொன்றும் ஆண்டுகள் கழித்து வரலாம் என்பதால், கிரேவ்ஸ் நோயாளி சிகிச்சைக்குப் பிறகும் மெலிந்துகொண்டே, மயங்கிக்கொண்டே இருந்தால் அட்ரீனலை நினைக்க வேண்டும்.

இந்த இரண்டு கோப்புகளுக்கும் வெளியே, நம் ஊரில் அட்ரீனல் படுத்துப்போவதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. மூட்டு வலிக்கும் வீசிங்குக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை, பெயர் தெரியாத பொடியில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் அதே சில்லிட்ட கை, அதே மெலிந்த நாடி. இவர்களுக்குத் தோல் கறுக்காது, ஏனென்றால் ஏ.சி.டி.எச்சும் தூங்கிப்போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, களைப்பு என்று சொன்னாலே "அட்ரீனல் ஃபட்டீக்" என்று பெயர் வைத்து இணையத்தில் விற்கும் மாத்திரைகள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை. முடி வளர வாங்கும் பயோட்டின் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது தைராய்டு கூடியதுபோலப் பொய் அறிக்கை காட்டும்.

அட்ரீனல் நோய் உறுதியானவர்களுக்கு: காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஊசி. விரதம், நீண்ட பயணம், பல் பிடுங்குவது எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நோயைக் குறித்த ஒரு அட்டை, வீட்டில் ஒரு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி மருந்து, அதைப் போடத் தெரிந்த ஒரு ஆள்.

கென்னடியின் கோப்பில் கடைசிக் கட்டம் வெகுநாள் காலியாகவே இருந்தது. அவர் சுட்டுக் கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22 இரவு உடற்கூறு ஆய்வு நடந்தது, புஷ்ஷை 28 ஆண்டு கழித்துக் கொண்டுபோன அதே பெதஸ்டா மருத்துவமனையில். அறிக்கையில் அட்ரீனலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் வழியாகத்தான் அது வெளியே வந்தது: சிறுநீரகங்களுக்கு மேலே தேடியபோது, கண்ணுக்குத் தெரியும்படி அட்ரீனல் திசு எதுவும் அங்கே இல்லை.